மாத்திரைக்கு பிரஷர் பார்த்தால் போதும்: கோவையில் ஒரு கிளினிக், ஒரு அரசு சுகாதார நிலையம்

கருத்தடை மாத்திரை தொடங்கலாம் என்று நினைத்து, ஆனால் "டாக்டரிடம் போனால் படுக்க வைத்து உள்ளே பார்ப்பார்களே" என்ற பயத்திலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போடும் பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரைக்கு உள் பரிசோதனை தேவையில்லை. ஊசிக்கும் தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், சில கேள்விகள் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் போன இரண்டு இடங்களில் ஒன்று இதைத் தலைகீழாகச் செய்தது, இன்னொன்று சரியாகச் செய்தது. சரியாகச் செய்தது காசு வாங்காத அரசு இடம்.

என் நிலைமை இதுதான். வயது 31, இரண்டு வயதில் ஒரு பையன், தாய்ப்பால் நிறுத்தியாகிவிட்டது. அடுத்த குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, அதனால் ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை. காப்பர்-டி எனக்கு வேண்டாம், ஏற்கெனவே பீரியட்ஸ் சமயத்தில் இரத்தப்போக்கு அதிகம், காப்பர்-டி அதைக் கூட்டும். எனக்கு மாத்திரைதான் வேண்டும் என்று படித்துப் பார்த்து முடிவு செய்துவிட்டுத்தான் போனேன்.

முதலில் போனது எங்கள் ஏரியாவில் பெயர் வாங்கிய ஒரு மகளிர் கிளினிக். பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது அந்த ஒரு இடத்தின் பழக்கம் மட்டுமில்லை. ஏ.சி. ஹால், டோக்கன் போர்டு, சுவர் முழுக்க குழந்தைப் படங்கள். ரிசப்ஷனில் இருந்த பெண் "என்ன விஷயமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார், நான் தாழ்ந்த குரலில் சொன்னேன், அவர் அதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொல்லி கம்ப்யூட்டரில் அடித்தார். ஹாலில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. என் பக்கத்தில் ஒரு பெண் மாமியாரோடு உட்கார்ந்திருந்தார். அவரும் இதே விஷயத்துக்கு வந்திருந்தால் அந்த நிமிடமே வேறு காரணம் யோசித்திருப்பார். கன்சல்டேஷன் 500 ரூபாய், முன்பணமாக.

உள்ளே டாக்டர் கேட்ட கேள்விகள்: கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், எத்தனை குழந்தை, நார்மலா சிசேரியனா, கடைசி பீரியட்ஸ் எப்போது. அடுத்த வாக்கியமே, "சரி, பேன்ட்டைக் கழற்றிட்டுப் படுங்க, உள்ளே பார்த்துடலாம்." இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. மேஜை மேலேயே கருவி இருந்தது. தலைவலி உண்டா, கால் வீங்கி இரத்தக்கட்டு வந்திருக்கிறதா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, எதுவுமே கேட்கவில்லை.

நான் கேட்டேன், "எனக்கு வலியோ வெள்ளைப்படுதலோ எதுவும் இல்லைங்க மேடம், மாத்திரைக்கு உள் பரிசோதனை எதுக்குங்க?" டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாருக்கும் பண்றதுதாம்மா. பார்க்காம எப்படி எழுதித் தர்றது? அப்புறம் ஒரு ஸ்கேனும் எடுத்துடுங்க." இரத்த அழுத்தம் பார்க்கணுமே என்று சொன்னேன். "உங்களுக்கு சின்ன வயசுதானே" என்றார். உள் பரிசோதனைக்குச் சம்மதிக்காவிட்டால் எழுதித் தர முடியாது என்று அவர் முடிவாகச் சொன்னதும் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். 500 ரூபாய் போனது போனதுதான், திருப்பிக் கேட்டால் தர மாட்டார்களாம்.

அந்த டாக்டர் கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை, தனக்குத் தெரிந்த முறையைச் செய்தார். ஆனால் அந்த முறை தவறு, அதை யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

ஏன் தவறு என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறைக்கும் எந்தப் பரிசோதனை அவசியம், எது தேவையில்லை என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. அதில் மாத்திரை, ஊசி, கையில் வைக்கும் இம்பிளான்ட் மூன்றுக்கும் உள் பரிசோதனை "பாதுகாப்புக்கோ பலனுக்கோ பெரிதாக உதவாது" என்ற வகையில் வருகிறது. காப்பர்-டிக்கோ "கட்டாயம்". இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காப்பர்-டி கர்ப்பப்பைக்குள் போகிற பொருள், கர்ப்பப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல் வைக்கவே முடியாது. மாத்திரை வாய் வழியாகப் போய் இரத்தத்தில் கலக்கிறது. அதனால் வரக்கூடிய ஆபத்து இரத்தக்குழாயில்தான்: கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைவது, பக்கவாதம், மாரடைப்பு. உள்ளே கைவிட்டுப் பார்த்து இதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கையில் பட்டை கட்டி இரத்த அழுத்தம் பார்த்தால் தெரியும், வாயைத் திறந்து கேட்டால் தெரியும்.

கேட்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், டாக்டர் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன் கலந்த மாத்திரை (நான் இங்கே பேசும் மாத்திரை இந்த வகைதான்) யாருக்கெல்லாம் ஆகாது என்றால், இரத்த அழுத்தம் 140/90-க்கு மேல் இருப்பவர்கள் பொதுவாகத் தவிர்க்க வேண்டும், 160/100 தொட்டுவிட்டால் கூடவே கூடாது. 35 வயதைத் தாண்டி சிகரெட் பிடிப்பவர்கள். கால் இரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டு வந்தவர்கள். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள். கல்லீரல் நோய் முற்றியவர்கள். குழந்தை பிறந்து 6 வாரம் ஆகாத, தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்கள் (6 மாதம் வரைக்குமே வேறு முறைதான் நல்லது). அப்புறம் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசபின் சாப்பிடுபவர்கள்: இவர்களுக்கு மாத்திரை ஆபத்து என்பதைவிட, அந்த மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரு தங்கிவிடலாம். நம் ஊரில் காசநோய் சிகிச்சையில் எத்தனை இளம் பெண்கள் இருக்கிறார்கள், இந்தக் கேள்வியைக் கேட்காமல் எப்படி விட முடியும்?

இன்னொன்று, ஒற்றைத் தலைவலி. சாதாரணமாக எல்லோருக்கும் வரும் தலைவலி இல்லை, தலைவலி வருவதற்கு முன்னால் கண்ணில் பளிச் பளிச்சென்று வளைவு வளைவாக வெளிச்சக் கோடு ஓடும், கொஞ்ச நேரம் பார்வை ஒரு பக்கம் மறையும், சிலருக்கு கை மரத்துப் போகும். அது இருந்தால் ஈஸ்ட்ரோஜென் மாத்திரை எந்த வயதிலும் கூடாது, பக்கவாத ஆபத்து. என் அக்காவுக்கு அது கல்லூரி நாளிலிருந்தே உண்டு. அவளுக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லி இதே வகை மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார்கள், தலைவலியைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. நான் இதையெல்லாம் படிக்கப் போய்த்தான் அவளிடம் கேட்டேன், அவள் வேறு டாக்டரைப் பார்த்து மாத்திரையை நிறுத்தினாள். அவளை யாரும் உள் பரிசோதனை செய்யாமல் விட்டுவிடவில்லை, அது செய்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் கேட்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அமெரிக்காவில் 1960-இல் முதல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அந்தக் காலத்தில்தான் வருடா வருடம் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் வழக்கமும் பரவியது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள்: பரிசோதனைக்கு வந்தால்தான் அடுத்த வருடத்துக்கு மாத்திரைச் சீட்டு. கர்ப்பப்பை வாய் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க அது உதவியது உண்மைதான். ஆனால் பரிசோதனைக்குப் பயந்தவர்களுக்கு மாத்திரையும் கிடைக்காமல் போனது. அங்கேயே 1993-இல் மாத்திரைக்கான குறிப்பில், உள் பரிசோதனையைத் தள்ளிவைத்துவிட்டு மாத்திரை கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். 2014-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி (ACP) என்ற மருத்துவர் அமைப்பு, எந்தத் தொந்தரவும் இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு வழக்கமான உள் பரிசோதனையே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 2023 ஜூலையில் ஓபில் என்ற, ஈஸ்ட்ரோஜென் இல்லாமல் புரோஜெஸ்டின் என்ற ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரையை மருந்துச் சீட்டே இல்லாமல் கடையில் விற்க அனுமதி கொடுத்தார்கள். இங்கிலாந்தில் 2023 டிசம்பரிலிருந்து மருந்துக் கடையில் பார்மசிஸ்டே இரத்த அழுத்தம் பார்த்து, கேள்வி கேட்டு, மாத்திரை தொடங்கிக் கொடுக்கிறார். முடிச்சை அவிழ்த்து இத்தனை வருடம் ஆகிவிட்டது, நம் கிளினிக்குகளில் மட்டும் அது இன்னும் கெட்டியாக இருக்கிறது.

அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம், கல்யாணம் என்றால் பீரியட்ஸ் தள்ளிப்போட மாத்திரை வாங்குகிறோமே, நோரெதிஸ்டிரோன், அதுவும் ஹார்மோன்தான். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் "தள்ளிப்போற மாத்திரை குடுங்கண்ணா" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அது சரி என்று சொல்லவில்லை, அதற்கும் கேள்வி கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். முகப்பரு, பி.சி.ஓ.டி. என்றால் கல்லூரிப் பெண்களுக்கு மாதக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை எழுதுகிறார்கள். அந்த ஹார்மோனையே "குழந்தை இப்போது வேண்டாம்" என்று ஒரு பெண் கேட்டால் மட்டும் படுக்கச் சொல்வது ஏன்? பெண் தானே முடிவெடுத்து வந்து கேட்பதுதான் சங்கடம் என்று எனக்குப் படுகிறது.

சரி, இரண்டாவது இடம். எங்கள் வார்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் போனேன், "அங்க சும்மாவே குடுப்பாங்க கண்ணு, நல்லாப் பேசுவாங்க" என்று. காலையில் போனேன். ஓ.பி. சீட்டு, பெயர், ஆதார், போன் நம்பர். கூட்டம் இருந்தது, பெரும்பாலும் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்க வந்த வயதானவர்கள். ஃபேன் ஒன்று ஓடவில்லை.

முதலில் சிஸ்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். நான் வேகமாக நடந்து வந்ததைக் கவனித்து, "கொஞ்ச நேரம் உக்காருங்க, மூச்சு ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார், காலைத் தரையில் பதித்து, கையை மேஜையில் வைக்கச் சொல்லிப் பார்த்தார். 118/76. எடை பார்த்தார். சீட்டில் இரண்டையும் எழுதினார். இந்தச் சின்ன விஷயத்தை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஈஸ்ட்ரோஜென் மாத்திரைக்கு உடம்பைத் தொட்டுச் செய்ய வேண்டிய முக்கியமான பரிசோதனையே இதுதான், அதை அவர் அவசரமில்லாமல் செய்தார்.

அப்புறம் டாக்டர், சின்ன வயதுப் பெண். கேட்ட கேள்விகள் நான் மேலே எழுதியதில் ஏறக்குறைய எல்லாமே: தலைவலி, கண்ணில் வெளிச்சம், கால் வீக்கம், மஞ்சள் காமாலை, குடும்பத்தில் யாருக்காவது இரத்தக்கட்டு, காசநோய் மருந்து, வலிப்பு மருந்து, சிகரெட், தாய்ப்பால். கடைசி பீரியட்ஸ் எப்போது வந்தது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டார். இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் இரத்தம் படுகிறதா, உறவுக்குப் பிறகு இரத்தம் படுகிறதா என்றும் கேட்டார், இல்லை என்றேன். "இருந்துச்சுன்னா உள்ளே பார்த்துட்டுத்தான் குடுப்போம். உங்களுக்குத் தேவையில்லை" என்றார். இதைத்தான் நான் எதிர்பார்த்தேன், காரணம் இருந்தால் பரிசோதனை, இல்லையென்றால் இல்லை.

எனக்கு 30 வயது கடந்துவிட்டதால் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனையும் இங்கேயே செய்துகொள்ளலாம் என்று சொன்னார், "மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, அது தனி. உங்களுக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப வாங்க." பிறகு ஒரு நாள் போய் அதையும் செய்துகொண்டேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உள் பரிசோதனையே பயங்கரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னார்கள். திரை முழுசாக மூடியது, இடுப்புக்குக் கீழே துணி போர்த்தினார்கள். சிஸ்டர் தலைமாட்டில் நின்றார். டாக்டர் உள்ளே வைக்கும் கருவியை முதலில் என் கண்முன் காட்டி, "இதுதான், வெதுவெதுப்பான தண்ணில நனைச்சிருக்கேன், இப்ப வைக்கப் போறேன், வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்று சொல்லிச் செய்தார். கர்ப்பப்பை வாயில் அசிடிக் அமிலக் கரைசலைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். அசௌகரியம் இருந்தது, வலி இல்லை. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள் தயவுசெய்து இதைச் செய்துகொள்ளுங்கள், இது உயிர் காக்கிற பரிசோதனை. மாத்திரை வேண்டுமா, இதற்குச் சம்மதி என்று ஒரு பெண்ணை நெருக்கினால் அவள் இரண்டுக்குமே வராமல் போய்விடுவாள், அதுதான் என் வருத்தம்.

அரசு இடத்தில் குறைகளும் உண்டு. மருந்து கொடுக்கும் ஜன்னலில் தனிமை என்பதே கிடையாது, எனக்குத் தந்த மாலா-என் கருத்தடை மாத்திரைப் பாக்கெட்டை எல்லோரும் பார்க்கத்தான் நீட்டுகிறார்கள், ஒரு காகித உறை கொடுத்தால் என்ன? "வீட்டுக்காரர் வரலீங்களா?" என்று ஒருவர் கேட்டார். மாத்திரைக்குக் கணவன் கையெழுத்தெல்லாம் தேவையே இல்லை, அந்தக் கேள்விக்கே அங்கே வேலையில்லை. இன்னொருவர் "ஒரு கொழந்தை ஆச்சுல்ல, இன்னொண்ணு பெத்துட்டு ஆபரேஷன் பண்ணிக்கோங்க" என்றார், அன்பாகத்தான் சொன்னார். நம் மாநிலத்தில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன்தான் செய்துகொள்கிறார்கள், மாத்திரை சாப்பிடுபவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன் என்று ஆகிவிட்டது, நடுவில் இருக்கும் வருடங்களுக்கு என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. ஒரு முறை போனபோது மாலா-என் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரைக்கு அப்படிச் சொல்வது சரியில்லை. அதிலிருந்து ஒரு பாக்கெட் எப்போதும் கையிருப்பில் வைத்துக்கொள்கிறேன்.

இனி மாத்திரை. மாலா-என் அரசு இலவசமாகத் தருவது. அதே கலவைதான் மாலா-டி, கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடயால் (இதுதான் ஈஸ்ட்ரோஜென்) 0.03 மில்லிகிராம். ஓவ்ரல்-எல் என்று டாக்டர்கள் எழுதுவதும் இதே அளவுதான். மாலா-என் பாக்கெட்டில் 28 மாத்திரை, 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து, அதனால் நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கும் குழப்பம் இல்லை. "இலவசமாகக் கொடுப்பது, பழைய மருந்து, உடம்புக்கு ஆகாது" என்று என் தோழி ஒருத்தி சொன்னாள். உண்மை வேறு. ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் கணக்குப் பார்த்துச் சொன்னது: மாத்திரையே சாப்பிடாத 10,000 பெண்களில் வருடத்துக்கு 2 பேருக்கு இரத்தக்கட்டு வருகிறது என்றால், லெவோநார்ஜெஸ்ட்ரல் வகை சாப்பிடுபவர்களில் 5 முதல் 7 பேருக்கு, விலை கூடுதலான டிராஸ்பைரினோன் வகை சாப்பிடுபவர்களில் 9 முதல் 12 பேருக்கு. எல்லாமே சின்ன எண்ணிக்கைதான். ஆனால் பழைய, மலிவான மாத்திரைதான் இதில் பாதுகாப்பானது.

எனக்கு முதல் மாதம் கொஞ்சம் குமட்டல், அவ்வப்போது துளித்துளியாக இரத்தம் பட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள், குமட்டல் போய்விட்டது. மூன்றாவது பாக்கெட்டுக்குள் எல்லாம் சரியாகி, பீரியட்ஸ் அளவும் வலியும் குறைந்தது. எனக்கு இதுவே பெரிய நிம்மதி. சிஸ்டர் முதல் பாக்கெட்டின் பின்புறம் பேனாவால் தொடங்கும் கிழமையை எழுதி, அம்புக்குறி போட்டுக் கொடுத்தார், தினமும் அதைப் பார்த்துத்தான் போட்டேன். பீரியட்ஸ் தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பித்தால் அன்றிலிருந்தே பாதுகாப்பு, வேறு நாளில் ஆரம்பித்தால் 7 நாள் ஆணுறை சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஒரு மாத்திரை மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போட வேண்டும். தொடர்ந்து இரண்டு மறந்தால், விட்டதில் கடைசி மாத்திரையை உடனே போட்டுவிட்டு, தொடர்ந்து 7 நாள் ஹார்மோன் மாத்திரை உள்ளே போகும் வரை ஆணுறை. முதல் வாரத்தில் மறந்து, அந்தச் சமயம் உறவும் நடந்திருந்தால் உடனே டாக்டரைக் கேளுங்கள். ஒழுங்காகப் போட்டால் வருடத்துக்கு 1000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தங்கும், நிஜ வாழ்க்கையில் மறப்பதையும் சேர்த்தால் 100-க்கு 7 பேர். நேரம் தவறாமல் போட முடியாது என்று தோன்றினால் மாத்திரை உங்களுக்கு வேண்டாம்.

அவர்களுக்கு அந்தரா ஊசி இருக்கிறது, 3 மாதத்துக்கு ஒன்று, அதுவும் அங்கே இலவசம், அதற்கும் உள் பரிசோதனை இல்லை. ஈஸ்ட்ரோஜென் இல்லாததால் மாத்திரை ஆகாத பலருக்கு இது ஆகும். பீரியட்ஸ் தாறுமாறாக வரும், போகப்போக சிலருக்கு நின்றே போகும், அது கெட்ட இரத்தம் உள்ளே தேங்குவது இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்க சராசரியாக 10 மாதம் வரை ஆகலாம், அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஒத்து வராது. ஹார்மோனே வேண்டாம் என்றால் சாயா மாத்திரை, லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. பாலூட்டும் அம்மாக்களும் போடலாம்.

திருமணமாகாத பெண்கள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கத் திருமணம் ஆகியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி, ஹாஸ்டலில் இருப்பவள், உள்ளே பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும், வீட்டுக்குச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து டாக்டரிடமே போகவில்லை. உள்ளே பார்த்து ஒரு பெண் உறவு கொண்டவளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது, மருத்துவ ரீதியாக அது வெறும் புரளி. உறவுக்குப் பிறகு போடும் அவசர கருத்தடை மாத்திரையை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு 2005-இலேயே அனுமதித்தும் தமிழ்நாட்டு மெடிக்கல் ஷாப்களில் கேட்டால் பெரும்பாலும் "அதெல்லாம் இல்லீங்க" தான். அதனால் அந்தப் பெண்களுக்கு முன்கூட்டியே மாத்திரை கிடைப்பது இன்னும் முக்கியம். நான் போன சுகாதார நிலையத்தில் அவளை எப்படி நடத்துவார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் நானே கூடப் போனேன். டாக்டர் கல்யாணம் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதே கேள்விகள், அதே பிரஷர் பட்டை. ஆணுறையும் சேர்த்துக் கொடுத்தார், மாத்திரை பால்வினை நோயைத் தடுக்காது என்பதால்.

மதிப்பெண் போட வேண்டும் என்றால் கிளினிக்குக்கு 5-க்கு 1, அது நேரத்துக்கு டோக்கன் கூப்பிட்டதற்காக. சுகாதார நிலையத்துக்கு 4, ஜன்னலில் உறை கொடுத்து, ஸ்டாக் ஒழுங்காக வைத்தால் 5. மாலா-என் 4.

போகும்போது கடைசி பீரியட்ஸ் தேதி, சாப்பிடும் மற்ற மருந்துகளின் அட்டை, பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். மாத்திரை தொடங்கி 3 மாதத்தில் மறுபடி இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வார்கள், அதைத் தவற விடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால், இதுவரை இல்லாத தலைவலி திடீரென்று வந்தால், பார்வை மங்கினால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.